சோழகக் காலத்தில் ஒரு பவளத்தொட்டி: கிளிநொச்சி வீடொன்றில் பத்து மாதக் கணக்கு

2024 தை மாதம், அக்கா வீட்டு விறாந்தையில் ஒரு காட்போட் பெட்டியை வைத்து அதற்குள் கல்லை வைத்தும் எடுத்தும் பார்த்ததில்தான் இந்த வேலை தொடங்கியது. பெட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 40 உயரம். வரப்போகும் கண்ணாடித் தொட்டிக்கும் அதே அளவு. மருமகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். பவளப்பாறையைப் புத்தகத்தில் மட்டும் கண்டவள். "மாமா, உதை வீட்டில வைக்க ஏலுமோ?" என்று கேட்டாள். ஏலும் என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரணம் இருந்தது. அதற்கு முன் நான் கிளிநொச்சியில் இரண்டு கடல்நீர்த் தொட்டிகள் வைத்து, இரண்டையும் இழந்தவன். ஒன்று வைகாசியில் போனது, மற்றது ஆனியில். முதலாவது போனபோது மீனில் நோய் என்று நினைத்தேன். இரண்டாவது போனபோது லைற் போதவில்லை என்று நினைத்தேன். பழைய குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: இரண்டு தடவையும் பின்னேரம் மூன்று மணிக்குத் தண்ணீர் 31 பாகைக்கு மேல் நின்றிருக்கிறது, இரண்டு தடவையும் அந்தக் கிழமையில் நீண்ட கரண்ட் வெட்டு இருந்திருக்கிறது. வெளிநாட்டு வழிகாட்டல்களில் வாங்க வேண்டிய சாமான்களில் ஹீற்றர் முன்னுக்கு நிற்கும். வன்னிக்கு அது வேண்டாத சாமான். அதனால் மூன்றாவது தொட்டியில் கல்லின் வடிவம், லைற் எரியும் நேரம், மூடி வைப்பதா விடுவதா என்ற எல்லாவற்றையும் இரண்டே கேள்விகளை வைத்து முடிவு செய்தோம். வெயில் ஏறினால் என்ன ஆகும்? கரண்ட் போனால் என்ன ஆகும்?

கல்

கல் விஷயத்தில் முதல் வாக்குவாதம் முல்லைத்தீவுப் பெரியப்பாவோடு. கடலில் போய் வந்த மனிசன். "தம்பி, கடலுக்க பவளக்கல் எவ்வளவு கிடக்கு. நீ ஏன் சீமெந்து குழைக்கிறாய்?" என்றார். "பெரியப்பா, அதில ஒரு கிளை ஒடிச்சாலும் குற்றம். அது கல்லில்லை, உயிர்" என்றேன். கல் பவளங்களுக்கு இலங்கையில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, உலக அளவிலும் அவற்றின் வணிகம் கட்டுப்பாட்டுக்குள் உள்ளது. சட்டம் ஒருபக்கம் இருக்க, மன்னார்ப் பக்கம் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் உள்ள பார்கள்தான், அதாவது பவளப்பாறைத் திட்டுகள்தான், எங்கள் மீனுக்கு வீடு. வீட்டுத் தொட்டி ஒன்றுக்காக அதில் கை வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. பெரியப்பா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது ஒரு சாக்கு நிறைய மட்டிக் கோது கொண்டு வந்து இறக்கினார், கழுவிக் காயவைத்து.

கல்லுக்குப் பூநகரிக்குப் போனோம். வன்னியின் மேற்குக் கரையோரம் யாழ்ப்பாணம் போலவே சுண்ணாம்புக்கல் நிலம். உறவினர் ஒருவரின் காணியில் இடிந்த பழைய எல்லை மதில் கிடந்தது. மழை அரித்து அரித்து ஓட்டை விழுந்த கற்கள். அந்த ஓட்டைகள்தான் எங்களுக்கு வேண்டியவை. நச்சைத் தின்னும் பக்ரீரியா குடியிருப்பது அதற்குள்தான். ஒவ்வொரு கல்லிலும் தேசிக்காய்ப் புளி இரண்டு துளி விட்டுப் பார்த்தோம். நுரைத்தால் சுண்ணாம்பு, எடுக்கலாம். நுரைக்காததையும் துருக்கோடு தெரிந்ததையும் விட்டுவிட்டோம். பதினாலு கிலோ சேர்ந்தது.

பெட்டிக்குள் ஒரு கிழமை அடுக்கிப் பார்த்தோம். எவருக்கும் முதலில் கை போவது பின்சுவரோடு சாய்த்து மதில் மாதிரிக் கட்டுவதற்குத்தான். என் பழைய தொட்டிகள் இரண்டும் அப்படித்தான் இருந்தன. பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் பின்னால் தண்ணீர் ஓடாது, அழுக்கு அங்கே படியும். கரண்ட் போய்ப் பம் நின்றுவிட்டால் அந்த மூலையில்தான் ஒட்சிசன் முதலில் தீரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒட்சிசன் நிற்பதும் குறைவு: கடல்நீர் 25 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிடிக்கும், 30 பாகையில் 6.2 தான். ஆகவே இந்த முறை இரண்டு தீவுகள். இடப்பக்கம் உயரமானது, கீழே ஒரு வளைவு. வலப்பக்கம் பதிவானது, மேல் தட்டையானது. நடுவில் ஒரு கை அகலத்துக்கு வாய்க்கால். நான்கு பக்கமும் கண்ணாடியில் இருந்து நான்கு விரல் இடைவெளி. சின்னக் காற்றுக்கல் ஒன்று மட்டும் வேலை செய்தாலும் தண்ணீர் எல்லா இடமும் சுற்றி வர வேண்டும் என்பதே கணக்கு.

பொருத்தியது அத்தான். அவர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கம்பி போடுவோம் என்றுதான் முதலில் நின்றார். இரும்பு உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துக் கல்லையே பிளந்துவிடும். அதனால் கல்லில் துளை போட்டு, அரை அங்குல பி.வி.சி குழாய்த் துண்டுகளை முளை மாதிரி இறக்கி, மூட்டுகளை வெள்ளைச் சீமெந்தால் அடைத்தோம். சீமெந்து ஒரு பங்கு, இடித்த மட்டிக் கோதும் பரு மணலும் சேர்த்து மூன்று பங்கு. அத்தான் கரண்டியை வைத்துவிட்டு விரலாலேயே பூசினார். பூசின இடம் ஈரமாக இருக்கும்போதே அக்கா கோதுத் தூளைக் கைநிறைய எடுத்து அதன்மேல் தூவி அழுத்தினா. காய்ந்த பிறகு எது கல், எது மூட்டு என்று தேட வேண்டியிருந்தது. கொங்கிறீற் தட்டுப் போட்ட வீட்டுக்குச் செய்வது போல ஈரச் சாக்கால் மூடி ஒரு கிழமை தண்ணீர் தெளித்தோம்.

அதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டிய பகுதி. புதுச் சீமெந்தில் இருந்து சுண்ணாம்பு கசியும். அப்படியே தொட்டிக்குள் இறக்கினால் பிஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை அளவு, மிகவும் ஏறி எல்லாவற்றையும் கொன்றுவிடும். நீலப் பிளாஸ்ரிக் பீப்பாவில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் மாற்றினோம். மருமகள் ஒவ்வொரு முறையும் தண்ணீரை ஒரு நாள் விட்டுத் தாள் நனைத்துப் பார்த்து எழுதினாள். முதற் கிழமை 11க்கு மேல். மூன்றாம் கிழமை 9.6. ஆறாம் கிழமை முடிவில் 8.4, அடுத்த இரண்டு சோதனையிலும் அதே 8.4. அப்போதுதான் எடுத்தோம்.

தண்ணீர்

கண்ணாடி 8 மில்லிமீற்றர். தண்ணீரும் கல்லும் கண்ணாடியுமாக 150 கிலோவுக்குக் கிட்ட வரும் என்பதால் அத்தான் பெட்டிக் குழாயில் தாங்கி ஒட்டித் தந்தார். கல் போனபின் உள்ளே நிற்பது 85 லீற்றர் அளவு. தீவுகளை முதலில் அடிக்கண்ணாடியில் விரித்த பிளாஸ்ரிக் சட்டத்தில் இருத்தினோம், பிறகுதான் மணல். மணலுக்கு மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டும்போது சரிந்து கண்ணாடியை உடைக்கும்.

"ஆனையிறவு உப்புக் கிட்டத்தானே, அதைக் கரைச்சால் என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். கடல்நீர் பாத்தியில் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படியும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகே உப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிய கசப்பு நீரோடு வெளியே போய்விடும். சமையலுக்கு அது நல்லது, உப்புக் கசக்காது. பவளத்துக்கோ அந்த மிச்சமும் வேண்டும்: கடல்நீரில் லீற்றருக்குக் கல்சியம் 400 மில்லிகிராமுக்கு மேல், மக்னீசியம் 1,300க்குக் கிட்ட இருக்கிறது. சமையல் உப்பைக் கரைத்தால் உப்பளவு சரியாகக் காட்டும், உள்ளே ஒன்றும் இராது.

நாங்கள் முல்லைத்தீவுக் கடல் நீரையே எடுத்தோம். வட்டுவாகலில் நந்திக்கடல் கடலோடு சேரும் இடத்தைத் தவிர்த்து நன்றாக விலகிப் போய், மழை பெய்து பல நாள் ஆன பிறகு, பெரியப்பாவின் படகில் கரை தாண்டி 20 லீற்றர் கான்களில். பங்குனியில் எடுத்த நீரின் உப்பளவு ஆயிரத்துக்கு 34 காட்டியது. பத்து நாள் இருட்டில் வைத்துத் தெளியவிட்டு, துணியில் வடித்து ஊற்றினோம். வாடைக் காலத்தில் இந்த வேலை செய்யாதீர்கள். ஆறும் மழையும் கலந்து கரையோர நீரின் உப்புக் குறைந்துவிடும். மாற்றுத் தண்ணீரைப் புரட்டாதிக்கு முன்பே சேமித்துவிட்டோம்.

ஆவியாகிப் போகும் அளவுக்கு ஈடாக ஊற்றும் நல்ல தண்ணீர், ஊரில் விற்கும் ஆர்.ஓ தண்ணீர். வீட்டுக் கிணற்றில் ரீ.டீ.எஸ், அதாவது நீரில் கரைந்து கிடப்பவற்றின் அளவு, 870, ஆர்.ஓ கானில் 28. வன்னியில் குடிக்கவே ஆர்.ஓ வாங்கும் நிலை வந்ததில் மனவருத்தம் உண்டு. தொட்டிக்காரருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதும் உண்மை.

தொட்டியைச் சுழற்சிக்கு விடுவது, அதாவது உயிர் விடுவதற்கு முன் நச்சைத் தின்னும் பக்ரீரியாவைப் பெருக விடுவது, எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரு இறால் துண்டு, ஐந்து கிழமை. அமோனியா ஏறி இறங்கியது, நைத்திரைற்று ஏறி இறங்கியது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

லைற்

லைற்றை நானே செய்தேன். பழுதுபார்க்கும் கடையில் கிடந்த பழைய அம்பிளிஃபயர் ஒன்றின் அலுமினிய வெப்பத்தகடு, அதில் 3 வாற்ஸ் எல்.ஈ.டி பதினெட்டு. பன்னிரண்டு கடும் நீலம், 450 நனோமீற்றர் அளவில், ஆறு வெள்ளை. நீலத்துக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவர் ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். எல்லாம் சேர்ந்து 40 வாற்ஸுக்குள்.

ஏன் நீலம்? கடலில் பத்து மீற்றர் இறங்குவதற்குள் சிவப்பு ஒளி அநேகமாக முடிந்துவிடும், நீலம்தான் ஆழத்துக்குப் போகும். பவளத்தின் தசைக்குள் ஒருகலப் பாசி குடியிருக்கிறது. அது சூரிய ஒளியில் சமைத்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. அந்தப் பாசியின் நிறப்பொருட்கள் நீலத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். வெள்ளை எங்கள் கண்ணுக்காக, மீனின் நிறம் தெரிவதற்காக. தொட்டிக்கு மேல் தொங்கும் மின்சாரம் என்பதால் ட்ரிப் சுவிச்சும் எர்த்தும் இல்லாமல் அத்தான் பிளக்கைக் குத்த விடவில்லை. வயர்களைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டே கொண்டு போனோம். வயர் வழியே வடியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.

முதலில் எல்லோரையும் போலக் காலை 10 முதல் மாலை 6 வரை எரியவிட்டோம். உள்ளே உயிர் எதுவும் இல்லை, சுழற்சி நடக்கும் நாட்கள். வேண்டுமென்றே அந்த நாட்களில் சூட்டை அளந்தோம். மருமகளின் கொப்பியில் சித்திரை நடுப்பகுதிப் பக்கம் ஒன்று: காலை 6 மணி 28.3. பகல் 12 மணி 29.6. பின்னேரம் 3 மணி 31.2. இரவு 9 மணி 30.1. சீற் கூரை வீடு, வீட்டுத்திட்டத்தில் கட்டியது. மதியத்துக்குப் பிறகு கூரையே அடுப்பு. உலகத்தின் நான்காவது பெரும் பவள வெளிறல் நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்ததும் அதே 2024 சித்திரையில்தான். கடல் சூடேறினால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளி வெள்ளையாகிறது, சூடு நீடித்தால் பட்டினியில் சாகிறது. செய்தி வந்த அன்று மருமகள் எங்கள் 31.2 ஐச் சிவப்புப் பேனையால் சுற்றி வைத்தாள். சிரிக்கவில்லை.

அடுத்த நாளே நேரத்தை மாற்றினோம். ரைமரில் பின்னேரம் 4 மணிக்கு நீலம், 5 மணிக்கு வெள்ளை. இரவு 10 மணிக்கு வெள்ளை அணையும், 11 மணிக்கு நீலம். கூரை ஆறும் நேரத்தில் லைற் எரிகிறது. பவளத்துக்கு மத்தியானம் எப்போது என்று கடிகாரம் தெரியாது, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இதனால் உச்சம் 30.5 ஆனது. தண்ணீருக்குள் கிடந்து சூடாகும் பழைய பம்மை எடுத்து, 6 வாற்ஸ் டி.சி பம் போட்டதில் 30.1. இன்னும் போதாது.

மிச்ச வேலையைச் செய்தது கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி இரண்டு. தொட்டிக்கு மூடி போடாமல், லைற்றை நீர்மட்டத்தில் இருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டதே இதற்கு இடம் விடத்தான். விசிறி நீர்ப்பரப்பில் சாய்வாக ஊதும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது 2,400 கிலோயூல் வெப்பத்தைக் கொண்டு போகிறது. எங்கள் 85 லீற்றரை ஒரு பாகை குளிர்விக்க 340 போதும். ஆக ஒரு லீற்றர் ஆவி, ஏழு பாகைச் சூட்டை வெளியே எடுக்கிறது. அறை திரும்பத் திருப்பிக் கொடுப்பதைக் கழித்தால் கையில் நிற்பது இரண்டு பாகைக்குக் கிட்ட. தென்மேற்கில் இருந்து வரும் சோழகக் காற்று வறண்டு வீசும் மாதங்களில்தான் இது நன்றாக வேலை செய்கிறது, வேண்டியதும் அப்போதுதான். வைகாசியின் ஆக மோசமான பின்னேரத்திலும் 28.4 ஐத் தாண்டவில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் காசில் இந்தத் தொட்டியையே இன்னொன்று செய்யலாம்.

விலை வேறு வழியில் வந்தது. நாளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் போகிறது, உப்போ உள்ளேயே நிற்கிறது. ஒரு நாள் ஊற்ற மறந்தால் 35 இல் இருந்து 36க்குக் கிட்டப் போய்விடும். மிதவை வால்வு வைத்து ஐந்து லீற்றர்ப் போத்தல் ஒன்றைத் தொடுத்தோம். பெரிய கானைத் தொடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மிதவை சிக்கி முழுதும் கொட்டினாலும் ஐந்து லீற்றரைத் தொட்டி தாங்கும், இருபதைத் தாங்காது.

பிழை விட்ட இடம்

தண்ணீர் ஊற்றி ஏழாம் கிழமை. நத்தை ஐந்தும் துறவி நண்டு நாலும் விட்டாயிற்று. வலப்பக்கத் தீவில் ஒரேயொரு கல்லில் மட்டும் பச்சை மயிர் மாதிரிப் பாசி. மற்றக் கற்கள் சுத்தம். பிடுங்கினோம், நாலு நாளில் அதே நீளம். பாசிக்கு உரமாகும் பொஸ்பேற்று 0.4 காட்டியது, 0.1க்குக் கீழே இருக்க வேண்டியது. லைற்றைக் குறைத்துப் பார்த்தோம், தீனியை நிறுத்தினோம், ஒன்றும் அசையவில்லை. பூநகரிக்குப் போன் எடுத்து அந்தக் கல் மதிலில் எந்தப் பக்கம் கிடந்தது என்று கேட்டேன். "உந்தப் பக்கம்தானே மாட்டுக் கொட்டில் இருந்தது" என்றார் உறவினர்.

வருடக்கணக்காகச் சாணமும் கோமூத்திரமும் ஊறிய கல். சுண்ணாம்புக்கல் பொஸ்பேற்றை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும், பிறகு மெல்ல மெல்ல விடும். ஆறு கிழமை ஊறப்போட்டோம்தான், பார்த்ததோ பிஎச் மட்டும். ஊறிய நீரில் பொஸ்பேற்றையும் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். கல் எடுக்கிறவர்கள் இதைச் செய்யுங்கள்: வயல், கொட்டில், கோழிக்கூடு, பறவை இருக்கும் மரத்தடி எதுவானாலும் அந்தக் கல் வேண்டாம்.

இரண்டு தீவாகச் செய்ததன் அருமை அன்று தெரிந்தது. இடப்பக்கத்தை அசைக்காமல் வலப்பக்கத் தீவை மட்டும் தூக்கி வெளியே எடுத்தோம். அத்தான் சின்ன உளியால் மூட்டைச் சுற்றித் தட்டித் தட்டி, குழாய் முளையை வாளால் அறுத்து, அந்த ஒரு கல்லைக் கழற்றினார். அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று விட்டோம். தண்ணீரில் பாதியை இரண்டு தடவையாக மாற்றி, ஒரு மாதத்தில் 0.08. பாசியின் மிச்சத்தை நத்தைகள் முடித்தன.

உயிர்

இதனால் பவளம் ஆடிக்குத் தள்ளிப் போனது. வவுனியாவில் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் இருந்து, அவருடைய தொட்டியிலேயே வளர்ந்த காளான் பவளம் மூன்று, தோல் பவளத்தில் வெட்டிய துண்டு ஒன்று. இரண்டும் கல் எலும்புக்கூடு கட்டாதவை, சூட்டையும் கொஞ்சம் தாங்கும். எது வாங்குவதானாலும் முதலில் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாத துண்டைத் தொடாதீர்கள். பொத்தான் பவளம் தரவும் நண்பர் ஆயத்தமாக இருந்தார். அதில் சில வகைகளில் பாலிரொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீடு என்பதால் வேண்டாம் என்றேன்.

லைற்றை 60 வீதத்தில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காளான்கள் ஒரு ரூபாய்க் காசளவுக்குச் சுருங்கி, விளிம்பு மேலே மடிந்தது. மருமகள் சூடு என்று பயந்தாள், கொப்பியில் 27.9 தான். சூடில்லை, வெளிச்சம். 30 வீதத்துக்குக் குறைத்து, காளான்களைத் தீவின் அடிநிழலுக்கு மாற்றினோம். ஐந்தாம் நாள் விரிந்தன. பிறகு கிழமைக்கு மூன்று வீதம் மட்டும் கூட்டி 50 இல் நிறுத்தினோம். ஆவணியில் தொட்டியிலேயே பொரித்து வளர்த்த கோமாளி மீன் இரண்டு வந்தன. கடற்சாமந்தி இல்லாமலே இடப்பக்க வளைவைத் தம் வீடாக்கிக்கொண்டன.

ஐப்பசிக் கடைசியில் வாடை தொடங்கியது. இரவு எட்டரைக்குக் கரண்ட் போனது, மரம் விழுந்து வயர் அறுந்ததாகக் கேள்வி. 2022 இல் நாடு முழுக்கப் பதின்மூன்று மணி நேரம் இருளில் கிடந்த நாட்களை மனதில் வைத்துத்தான் 12 வோல்ற் 7 ஆம்பியர்மணி பற்றரி ஒன்றும் 5 வாற்ஸ் காற்றுப் பம்மும் தொடுத்து வைத்திருந்தோம். பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காவிட்டால் எட்டு மணி நேரம் ஓடும். காற்றுக்கல்லை வாய்க்காலின் நடுவில் இறக்கிவிட்டு அக்கா தூங்கப் போனா. மருமகள் தூங்கவில்லை. ரோச் வெளிச்சத்தில் ஒரு சிட்டிகை தீனித் தூளைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்: தூள் வாய்க்காலால் மேலேறி, வலப்பக்கத் தீவின் பின்னால் போய், கல் கழற்றிய வெற்றிடத்தினூடாகத் திரும்பி முன்னுக்கு வந்ததாம்.

விடிய நாலரைக்குக் கரண்ட் வந்தது. கொப்பியில் அன்றைய வரி: "காலை 5 மணி. 26.1. உப்பு 35. மீன் இரண்டும் வளைவுக்குள். பெரிய காளானின் அடியில் கல்லில் ஒட்டியபடி ஒரு சின்னக் காளான், மிளகளவு. நேற்று இல்லை."